புண்ணும் ஆற்றுதலும்: அண்மைக்காலக் கவிதைப் போக்கொன்று பற்றிச் சில குறிப்புகள்

மனத்துயரும் அதன் ஆறுதலும் கவிதைக்குப் புதிய பொருள்களல்ல. ஆயினும், துயரிலிருந்து மீண்டு தன்னைத் தானே கட்டியெழுப்புதலையே முழுப்பொருளாகக் கொண்ட தொகுதிகள் உலகளாவிய வாசகப் பரப்பைப் பெற்றமை அண்மைக்கால நிகழ்வாகும். இவற்றைச் சந்தைச் சரக்கு என ஒதுக்குவோர் உளர். வாழ்க்கைக்கு வழிகாட்டும் நூல்கள் எனப் போற்றுவோரும் உளர். புண்ணை உண்டாக்கியது எது, அதனை ஆற்றும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை ரூபி கௌரின் முதற்றொகுதியை முன்வைத்து நோக்குவோம்.

1992இல் பஞ்சாபிற் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர் கௌர். 'மில்க் அன்ட் ஹனி' (பாலும் தேனும்) என்னும் தொகுதியை 2014இல் அவர் தாமே வெளியிட்டார். மறு ஆண்டில் அமெரிக்கப் பதிப்பகமொன்று அதனை மறுபிரசுரம் செய்தது. பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. பாலியல் வன்முறை, குடும்பத்துள் ஆணின் அதிகாரம், பெண்ணுடல் பற்றிய வெட்கம் ஆகியவற்றை இளம்பெண்கள் வாய்திறந்து பேச இந்நூல் துணைபுரிந்தது. இப்பணியைக் குறைத்து மதித்தல் தகாது. பலர் வாசிக்கின்றனர் என்பதனாலேயே ஒன்றை இழிவாகக் கருதுவது மேட்டுக்குடி இரசனையின் இயல்பேயன்றி, முற்போக்கு விமரிசனத்தின் இயல்பன்று.

நூலின் அடிப்படை முரண்பாடு அதன் தலைப்பிலேயே தொடங்குகின்றது. 1984இல் இந்தியாவிற் சீக்கியர் மீது நிகழ்த்தப்பட்ட படுகொலைகளின் பின் வாழ்வைத் தொடர்ந்த விதவைகள் பற்றித் தாம் முன்னர் எழுதிய கவிதையொன்றிலிருந்தே தலைப்பு பிறந்தது எனக் கவிஞர் கூறியுள்ளார். அதாவது, தலைப்பின் மூலம் ஒரு சமூகத்தின் கூட்டுக்காயமாகும். நூலின் அமைப்போ நோதல், காதலித்தல், முறிதல், ஆறுதல் என்னும் நான்கு பகுதிகளாக, ஒருத்தியின் அகப்பயணமாக விரிகின்றது. துயரின் காரணங்களைச் சமூகத்தில் இனங்காணும் கவிஞர், அதன் தீர்வைத் தனிமனத்தின் உறுதியிலும் தன்மீதான அன்பிலும் தேடுகின்றார். நோய் பொதுவாகவும் மருந்து தனியாகவும் அமைந்துவிடுகின்றன.

இதனைக் கவிஞரின் தனிப்பட்ட குறைபாடாகக் கொள்ளலாகாது. உற்பத்தி முறைக்கும் இலக்கிய வடிவத்துக்குமுள்ள தொடர்பை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். இக்கவிதைகள் பரவிய முதன்மைக் களம் இன்ஸ்டகிராம் என்னும் சமூக ஊடகமாகும். கைத்தொலைபேசித் திரையில் ஒரு படத்தோடு அடங்கத்தக்க சில வரிகள் ஒரே பார்வையிற் பொருள் தந்து, பிறருடன் பகிரத்தக்கனவாக அமைய வேண்டியுள்ளன. அத்தகைய வடிவம் உணர்ச்சியை எளிதில் ஏந்தும்; வரலாற்றை ஏந்துவது அதற்கு அரிது. காலமும் இடமும் நீங்கிய துயரில் எந்த நாட்டு வாசகரும் தம்மைக் காணலாம்; எந்த நாட்டுச் சந்தையிலும் அது விலைபோகலாம்.

தனிமனிதத் துயரை எழுதுவோர் அனைவரும் இவ்வெல்லைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட் 1978இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றார். அவ்வனுபவத்தை 1980இல் வெளியான 'தி கான்சர் ஜேர்னல்ஸ்' என்னும் உரைநடை நூலில் எழுதினார். இழந்த மார்பகத்தின் இடத்தில் செயற்கை உறுப்பை அணிய அவர் மறுத்தார். அது இழப்பை மறைப்பதோடு, அதே இழப்புக்குள்ளான பெண்கள் ஒருவரையொருவர் இனங்காணவும் தடையாகின்றது என்பது அவரது வாதமாகும். அந்தரங்கமான நோவு இங்கு பிற பெண்களை நோக்கித் திரும்புகின்றது. ஆறுதல் என்பது தழும்பை மறைப்பதன்று, தழும்புடையோர் ஒன்றுசேர்வதே என்னும் நிலைப்பாடு இதிற் புலனாகின்றது.

இவ்வேறுபாட்டை விளக்க எமது மொழியிலேயே தக்கதொரு சொல் உண்டு. உளநலத் துறையினர் வழங்கும் ஆலோசனையை இலங்கைத் தமிழில் 'ஆற்றுப்படுத்தல்' என்கிறோம். ஆற்றுப்படுத்தல் என்பதன் மூலப்பொருள் வழிப்படுத்தலாகும். பழந்தமிழ் ஆற்றுப்படைகளிற் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குத் தான் சென்ற வழியைக் கூறுகின்றான். துயர் நீங்கியவன் துயருறுவோனை நோக்கித் திரும்பும் கணமே அவ்விலக்கிய வகையின் உயிர்நிலை. அவ்வழி வள்ளலின் வாயிலில் முடிந்தமை அக்காலச் சமுதாய அமைப்பின் எல்லையாகும். கௌரின் கவிதைகளிலும் துயருறும் பெண்ணை நோக்கி ஒரு பெண் பேசும் குரல் கேட்கின்றது. அது அவற்றின் வலிமை. எனினும் அவை காட்டும் வழி பெரும்பாலும் கேட்பவளின் நெஞ்சுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது.

எம்மைப் பொறுத்தவரை இது வெறும் இரசனை பற்றிய விவாதமன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளை எங்கே என வீதியோரத்திலிருந்து கேட்கும் தாயை நோக்கி, 'மனதை ஆற்றிக்கொள்' என்று மட்டும் சொல்வோமாயின் 'கேள்வியைக் கைவிடு' என்பதே அதன் பொருளாகும். அவளுக்கும் ஆறுதல் வேண்டும். நீதி கிட்டும்வரை துயரிலேயே மூழ்கியிருக்குமாறு அவளைக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஆறுதல் நீதிக்கு மாற்றாகாது. துயரிலிருந்து மீளுதலைப் பாடும் கவிதை, புண்ணை ஆற்றும்போதே அதனை உண்டாக்கிய கையையும் இனங்காட்டுகின்றதா, தன்னைப்போல் நொந்த பிறரிடம் வாசகரைக் கொண்டுசேர்க்கின்றதா என்பனவே அதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்கள் என்பது எமது கருத்தாகும்.