அதிமானிடன் பிறந்த கதை

சித்திரக் கதைகளை நாம் இதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சிறுவரின் சிந்தனையை மழுங்கச் செய்யும் நசிவுச் சரக்கு என்றும், டொலர் நாகரிகத்தின் மலிவான ஏற்றுமதி என்றும் கூறி அவற்றை ஒதுக்கிவிடுவது எமக்கு எளிதாகவே இருந்தது. வாசியாமலே தீர்ப்பு வழங்கும் இப்பழக்கத்தைப் பண்டிதர்களிடம் கண்டபோது கடிந்துரைத்தவர்களும் நாமேதான். ஆதலின், மாணவர் ஒருவர் சூப்பர்மேன் கதைகளின் மறுபதிப்பொன்றை மேசைமீது வைத்து, "வாசிச்சுப்போட்டு ஏசுங்கோ, சேர்" என்றபோது மறுக்க இயலவில்லை.

'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழ் 1938 ஜூன் மாதத்தைத் தாங்கி, பத்துச் சத விலையில் வெளிவந்தது. அதில் சூப்பர்மேனுக்கு ஒதுக்கப்பட்டவை 13 பக்கங்கள். எழுதியவர் ஜெரி சீகல். வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பள்ளித் தோழர்கள். அமெரிக்காவின் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வருக்கொருவர் வேலையற்றிருந்த 1933ஆம் ஆண்டிலேயே இக்கதாபாத்திரத்துக்கான முயற்சிகளை அவர்கள் தொடங்கிவிட்டனர்.

நாயகனின் பிறப்பு ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது என்பதே எம்மை முதலில் வியப்பில் ஆழ்த்தியது. அழியும் கிரகமொன்றிலிருந்து விஞ்ஞானி ஒருவன் தன் குழந்தையை விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறான். வழிப்போக்கன் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் சேர்ப்பிக்கிறான். அக்கிரகத்துக்கு இவ்விதழில் பெயர்கூட இல்லை. பேழையில் இட்டு ஆற்றில் விடப்பட்ட கர்ணனை எண்ணாமல் இப்பகுதியை வாசித்தல் எமக்கு அரிதாயிருந்தது. ஆனால் கர்ணனை வாழ்நாள் முழுவதும் துரத்தியது 'நீ யார் மகன்?' என்ற வினா. இங்கு அவ்வினாவை எழுப்புவாரில்லை. குலமும் கோத்திரமும் அற்ற அநாதை ஒருவன் வளர்ந்து ஆளாகித் தன் வலிமையை எளியோருக்காகப் பயன்படுத்தத் தீர்மானிக்கிறான், அவ்வளவே. அவனது ஆற்றலுக்குக் கூறப்படும் நியாயமும் எறும்பு தன் எடையினும் பன்மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி தாவுகிறது என்பதுதான். பறக்கவும் அவனுக்குத் தெரியாது, தாவுகிறான்.

இனி, அவன் யாருடன் மோதுகிறான்? குற்றமற்ற பெண்ணொருத்தியின் மரணதண்டனையை நிறுத்துவதற்காக நள்ளிரவில் மாநில ஆளுநரின் மாளிகைக் கதவைப் பெயர்க்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைச் சுவரில் மோதுகிறான். அமெரிக்காவை ஐரோப்பிய வம்பில் சிக்கவைக்கும் மசோதாவுக்காகச் செனற்றர் ஒருவரை விலைக்கு வாங்கிய தரகனைத் தூக்கிச் செல்கிறான். இரண்டாம் இதழில் அத்தரகனின் எசமானாகிய ஆயுத உற்பத்தியாளனைத் தென்னமெரிக்கப் போர்முனையில் சிப்பாயாகச் சேர்த்து, அவன் விற்ற குண்டுகளுக்கு அவனையே அஞ்சச் செய்கிறான். அமெரிக்கச் செனற் சபையின் நை குழு 1934 முதல் 1936 வரை ஆயுத வணிகரின் இலாபங்களை விசாரித்திருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இதனைச் சிறுவர் கற்பனை என ஒதுக்குதல் பொருந்தாது.

மூன்றாம் இதழ் இன்னும் கூர்மையானது. ஸ்ரனிஸ்லோ கோபர் என்னும் சுரங்கத் தொழிலாளி விபத்தில் முடமாகிறான். பெயரிலிருந்தே குடியேறி வந்தவன் என்பது விளங்கும். ஆபத்தை முன்னரே எச்சரித்தும் பயனில்லை என்கிறான் அவன். தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்கிறான் சுரங்க உரிமையாளன். சூப்பர்மேன் தொழிலாளி வேடம் பூண்டு, உரிமையாளனும் விருந்தினரும் களிப்பாட்டமாகச் சுரங்கத்துள் இறங்கியவேளை பாதையை அடைத்துவிடுகிறான். அபாய அறிவிப்புக் கருவி இயங்கவில்லை. பாதுகாப்புச் சாதனங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பட்டுடையணிந்த கனவான்கள் மண்வெட்டி பிடித்து மூச்சிரைக்கும் காட்சியைக் கண்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம் என்பதை ஒளிப்பானேன்?

சிரிப்பு அடங்கியபின் ஐயம் எழுந்தது. வெளியே வந்த உரிமையாளன் மனந்திருந்திச் சுரங்கத்தைச் சீர்செய்வதாக வாக்களிக்கிறான். கோபரின் தோழர்கள் எங்கே? அவர்களுக்குச் சங்கம் இல்லையா? அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் 1890இலேயே ஐக்கிய சங்கம் அமைத்தவர்கள். இக்கதையிலோ தமக்கு நிகழும் நன்மையை அறியாமலே நிற்கிறார்கள். எட்டாம் இதழிலும் இவ்வாறே: சேரிவாசிகளுக்குப் புதிய வீடுகள் கிடைக்கவேண்டி நாயகன் சேரியைத் தரைமட்டமாக்குகிறான். அங்கு வாழ்வோரின் சம்மதத்தைக் கேட்பதாகக் காட்சி எதுவும் இல்லை. அநீதியைத் தெளிவாக இனங்காணும் கண் இக்கதைக்கு உண்டு. அதனை எதிர்க்கும் மக்களைக் காணும் கண் இல்லை. எனினும் இக்குறையைச் சுட்டும்போது எமது குரல் சற்றே தாழ்கிறது. எமது முற்போக்குச் சிறுகதைகளிலும் கடைசிப் பக்கத்தில் மனந்திருந்திய முதலாளிகள் எத்தனை பேர்!

எம்மைப் பெரிதும் உறுத்துவது பின்னர் நிகழ்ந்த மாற்றமே. 1939 ஜனவரியில் தொடங்கிய பத்திரிகைத் தொடர் கிரிப்ரன் கிரகத்தையும், தந்தையாகிய பெரும் விஞ்ஞானியையும் விரிவாகச் சித்திரித்தது. அவ்வாண்டுக் கோடையில் வெளிவந்த தனிச் சஞ்சிகையில் அன்பு நிறைந்த வளர்ப்புப் பெற்றோர் வந்து சேர்ந்தனர். 1978ஆம் ஆண்டுத் திரைப்படம் கிரிப்ரனின் மாட்சியைக் காட்டிய பின்னரே பூமிக்கு இறங்குகிறது. அநாதைக்குக் குலப்பெருமை கிடைத்தது. சுரங்க உரிமையாளனும் ஆயுத வணிகனும் நின்ற இடத்தை, காலப்போக்கில், வேற்றுலகக் கொடியோரும் பைத்தியக்கார விஞ்ஞானிகளும் பெருமளவில் பிடித்துக்கொண்டனர். பிறப்புக் கதை நீள நீள, அப்பிறப்புக்குக் காரணமாயிருந்த கோபம் சுருங்கியது என்றே நாம் கருதுகிறோம். யுத்தகாலத் தேசபக்தியும், வளர்ந்துவிட்ட வியாபாரத்தின் எச்சரிக்கையும் இதற்கு உதவியிருத்தல் வேண்டும்.

படைத்தவர்களின் கதையை எந்தச் சூப்பர்மேனும் திருத்தவில்லை. பக்கத்துக்குப் பத்து டொலர் வீதம் 130 டொலர் பெற்று, 1938 மார்ச்சில் உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்தனர். 1947இல் வழக்குத் தொடுத்தனர், உரிமை மீளவில்லை, தலைப்பிலிருந்த அவர்களது பெயர்களும் நீக்கப்பட்டன. ஷுஸ்டரின் கண்பார்வை மங்கியது. 1975இல் சீகல் பகிரங்கமாகக் குரலெழுப்பி, சக கலைஞர்களும் துணைநின்றதன் பின்னரே, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் வழங்கவும் பெயர்களை மீண்டும் பொறிக்கவும் நிறுவனம் இணங்கியது. கதையில் நாம் தேடிக் காணாத தோழர்கள் இங்கே இருந்தார்கள்.

ஷுஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் காலமாயினர். அந்த 130 டொலரையும் உள்ளடக்கிய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்து 160,000 டொலருக்கு விலைபோயிற்று.