போதிகை சொல்லும் சேதி

திருவான்மியூர் மருந்தீசுவரர் மேற்கு நோக்கி இருப்பது ஏன்? கேட்டுப் பாருங்கள், கதை ஓடிவரும். வேளச்சேரியிலிருந்து அப்பைய தீட்சிதர் வந்தாராம்; வெள்ளம் வழி மறித்ததாம்; ஆண்டவனின் முதுகுதான் தெரிந்ததாம்; முறையிட்டாராம்; மூலவர் திரும்பிக்கொண்டாராம்! இலிங்கத்துக்கு முதுகு எது, முகம் எது என்று கேட்டால், கேட்டவன் நாத்திகன்.

தீட்சிதர் 16ஆம் நூற்றாண்டினர். மாமல்லைக் கடற்கரைக் கோயிலோ, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்தது. அதன் இரு விமானங்களில் சிறியது மேற்கு நோக்கியது. அதே நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் காஞ்சியில் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோயிலும் மேற்கு நோக்கியதே. அண்டையிலுள்ள மயிலைக் கபாலீசுவரர்? அவரும் மேற்குதான்! தீட்சிதருக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டுத் தச்சர் கையாண்ட அமைப்பு, அவருக்காக நிகழ்ந்த அற்புதமாகிவிட்டது. கலை வரலாறு அறிந்தவனிடம் இக்கதை செல்லுமா?

பொய்யை மறுப்பதோடு நின்றுவிடுவதன்று அக்கல்வி. கண்ணுக்குக் கூர்மையும் தருகிறது. புதுவையில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 1914இல் தென்னாட்டுத் தொல்பொருள் பற்றி இரு தொகுதிகள் வெளியிட்டார். அவர் வழி எளிது: ஓர் உறுப்பைப் பற்றிக்கொள், நூற்றாண்டுகளின் ஊடே அதனைத் தொடர்ந்து செல். தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பாருங்கள். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலையலையாய் மடிப்புகள் கொண்டிருக்கும். சோழர் காலத்தில் சரிவாக வெட்டுப்பட்டு, நடுவே ஒரு முனை நீட்டும். விசயநகரக் காலத்திலோ, அம்முனை தொங்கும் பூமொட்டாகிவிடும். இதனை அறிந்தவன் ஒரே கோயிலில் நான்கு நூற்றாண்டுகளைப் பிரித்துக் காண்பான். அறியாதவனுக்கு எல்லாம் ‘பழங்காலம்’.

திருவான்மியூரைச் சம்பந்தரும் அப்பரும் பாடியது 7ஆம் நூற்றாண்டில். அதனால் இன்றுள்ள கற்சுவர் அனைத்துக்கும் அவ்வயதைக் கொடுப்போர் உளர். பாட்டின் வயது வேறு, கல்லின் வயது வேறு அன்றோ?

நம் தோழர்கள் சிலர், “கோயில் நமக்கு எதற்கு?” என்று முகம் சுளிக்கின்றனர். மாமல்லையின் திரௌபதி ரதத்தைப் பாருங்கள், தோழர்களே! கூரை வேய்ந்த குடிசை அது. ஏழை வாழ்ந்த வீட்டின் வடிவத்தைத்தான் சிற்பி கருங்கல்லில் செதுக்கித் தெய்வத்துக்குத் தந்தான். அதனைக் காண மறுப்பது யாருக்கு நட்டம்?

துப்ரேயின் நூலில் எனக்குக் குறையும் உண்டு. உறுப்புகளின் வளர்ச்சியை நுணுகி ஆராய்ந்தவர், உளி பிடித்தவனின் கூலியை ஆராயவில்லை. அதற்குக் கல்வெட்டுகளிடம் செல்லவேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரைச் சொல்கிறது. கல் இழுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அங்கு இல்லை. ‘தீண்டத்தகாதார்’ என ஒதுக்கப்பட்ட மக்கள் சென்னை மாகாணக் கோயில்களில் உரிமையுடன் நுழையச் சட்டம் வந்தது 1947இல். அக்கோயில் எழுந்ததோ 1010இல்.