போதகர் உழைப்பாளி அல்லரா? – ஒரு தீர்ப்பு பற்றிய திறனாய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சமயப் பணியாளராகச் செல்ல விசா கோருவோரும், அவர்களுக்காக மனுச் செய்யும் சபைகளும் கருத்தூன்றி வாசிக்கவேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 1892 பிப்ரவரி 29ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பரிசுத்த திரித்துவ ஆலய வழக்கில் வழங்கியது அது. திருச்சபைக்குக் கிடைத்த வெற்றியாகவே பலரும் அதனைப் போற்றுவர். நாம் அதனை இறையியல் நோக்கில் ஆராய விழைகிறோம்.

1887இல் நியூயார்க் நகரின் அவ்வாலயத்தார், இங்கிலாந்தில் வாழ்ந்த ஈ. வால்போல் வாரன் என்னும் குருவானவருடன் ஒப்பந்தம் செய்து, அவரைத் தங்கள் ஆயராக வரவழைத்தனர். 1885ஆம் ஆண்டுச் சட்டமோ, எவ்வகை உழைப்புக்காயினும் அயல்நாட்டாரை முன்னொப்பந்தத்தின்பேரில் வரவழைப்பதைத் தடைசெய்திருந்தது. நடிகர், பாடகர், சொற்பொழிவாளர், வீட்டு வேலைக்காரர் முதலியோருக்கு விலக்கு இருந்தது, குருமாருக்கு இல்லை. ஆலயத்தார் சட்டத்தை மீறினர் என்றே கீழ்நீதிமன்றம் முடிவுசெய்தது. மீறலுக்குரிய தண்டத்தொகை 1,000 டாலர்.

உச்ச நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி டேவிட் புரூவர் எழுதிய தீர்ப்பு இதனை மாற்றியது. சட்டத்தின் எழுத்துக்குள் அடங்குவது அதன் நோக்கத்துக்குள் அடங்காதிருக்கலாம் என்றும், மலிவான கூலியாட்களின் வரவைத் தடுப்பதே சட்டமன்றத்தின் எண்ணம் என்றும் அவர் வாதித்தார். அதற்குமேல், இது கிறிஸ்தவ நாடாதலால் சமயத்துக்கு மாறாகச் சட்டமன்றம் எண்ணியிராது என்றும் முடித்தார். மிஷனெரிப் பெற்றோருக்குச் சிமிர்னாவில் பிறந்தவர் அவர். சீனத் தொழிலாளரை நாடுகடத்த இடமளித்த சட்டத்தை அந்நீதிமன்றம் 1893இல் ஏற்றபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அவரே. ஆகவே குறை அவர் உள்ளத்தில் அன்று, வாதத்திலேயே உள்ளது.

தீர்ப்பின் முடிவை நாம் மறுக்கவில்லை. சட்டமன்றமே 1891இல் குருமாருக்கு வெளிப்படையான விலக்கு அளித்துவிட்டது. ஆயின், ஆயர் உள்ளே வருவதற்காகக் கூலியாள் வெளியே நிறுத்தப்படுகிறான் என்பதை நாம் காணவேண்டும். ஆயரின் பணி உயர்ந்தது, கைவேலை தாழ்ந்தது என்னும் பிரிவினையின்மீது இவ்விலக்கு கட்டப்பட்டது. எழுத்தையும் ஆவியையும் வேறுபடுத்திய பவுலடியாரின் சாயல் இவ்வாதத்தில் தோன்றினும், கூடாரத் தொழில் செய்த பவுலை அதில் காணோம்.

இப்பிரிவினை இன்றும் மறையவில்லை. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆர்-1 என்னும் விசாப் பிரிவை ஏற்படுத்தியது. மனுதாரர் அச்சமயப் பிரிவில் இரண்டாண்டுகளாவது உறுப்பினராயிருந்திருக்கவேண்டும். தங்கும் காலம் ஐந்தாண்டுகளுக்கு மேற்படாது. இதன் விதிகள், துப்புரவு, பராமரிப்பு, எழுத்தர் வேலை ஆகியவற்றை முதன்மையாகச் செய்வோரைச் சமயத் தொழில் புரிவோராக ஏற்பதில்லை. அரசு எங்கேனும் ஓர் எல்லை வகுத்தே தீரும். அதற்கிணங்க மனுச் செய்யும் போதகரும் குற்றவாளி அல்லர். அவ்வெல்லையைத் திருச்சபை தன் கோட்பாடாக்கிக்கொள்வதே தவறு.

அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தை நோக்குவோம். கிலவுதியு ராயனின் கட்டளையால் ரோமாபுரியைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கொரிந்துவில் பவுல் தங்கியது அவர்கள் இல்லத்தில். அவரை அவர்களோடு இணைத்தது ஒரே கைத்தொழில். நாடிழந்த தொழிலாளரின் வீட்டிலிருந்து அந்நகரத்தின் நற்செய்திப்பணி தொடங்கிற்று. அங்கே ஊழியரும் உழைப்பாளரும் இரு வரிசைகளில் நிற்கவில்லை.

எனவே, தன் ஆயருக்காக விசா மனுவில் கையொப்பமிடும் சபை, தன் ஆலயத்தைப் பெருக்குவோருக்கு அந்நாட்டுச் சட்டம் எவ்விடம் அளிக்கிறது என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளது. அவர்களுக்காகப் பேசாமல் தனக்குரிய விலக்கை மட்டும் பெற்று மகிழும் திருச்சபை, 1892இல் வென்ற வழக்கைத் தன் ஆண்டவருக்குமுன் இன்னும் வெல்லவில்லை என்றே நாம் கருதுகிறோம்.