நான்கு பகுதிகளும் கேட்கப்படாத கேள்வியும்
இணையவழிப் பாடம் எழுதப் பயிலும் ஆசிரியர்களைக் குறித்து ஒரு திறனாய்வு

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டில் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியபோது, அங்கிருந்த பேராசிரியர்கள் ஒரு புதிய பணியைக் கற்க வேண்டியதாயிற்று. அதுகாறும் வகுப்பறையில் நின்று போதித்தவர்கள், முகம் அறியாத மாணவனுக்குப் பாடம் எழுதவேண்டிய நிலைக்கு வந்தனர். எதிரே அமர்ந்திருப்பவன் புருவத்தை நெரிப்பதைக் கண்டு வேறொரு உவமையைத் தேடும் வாய்ப்பு எழுத்தில் இல்லை. அஞ்சல்வழிப் பாடங்களுள் பல, வகுப்புக் குறிப்புகளை அப்படியே அச்சேற்றியவையாக அமைந்தமைக்கு இதுவே காரணம். ஆயினும் அப்பாடங்களைக் கொண்டு பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும் ஏராளம். அதனை இகழ்வது நம் நோக்கமன்று.

இன்று அதே கடமை திரைக்கு இடம் மாறியுள்ளது. 2017இல் இந்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் ஒவ்வொரு பாடமும் நான்கு பகுதிகளாக அமைய வேண்டும்: காணொளி, வாசிப்புப் பகுதி, கலந்துரையாடல், மதிப்பீடு. 2018இல் உயர்கல்வி ஆசிரியர்களுக்கென அதே தளத்தில் ஏற்பட்ட ‘அர்பிட்’ புத்தொளிப் பயிற்சி 40 மணி நேரம் கொண்டது. அதில் 20 மணி காணொளி. பின்னர் 2020 மார்ச்சில் கொள்ளைநோய் கல்விக்கூடங்களை மூடியதும், விரும்பியவர் மட்டும் கற்ற இக்கலை ஒரே வாரத்தில் எல்லார் தலையிலும் விழுந்தது.

நான்கு பகுதித் திட்டத்தைக் குறைகூறுவோர் சிலர் அதனை இயந்திரத்தனமானது என்கின்றனர். அக்குற்றச்சாட்டு முழுவதும் நியாயமன்று. ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசும் நம் பழக்கத்தை அது உடைத்தது. பேச்சைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நோக்கம் குறிக்கச் சொன்னது. இது நன்மையே. (பிரசங்கம் செய்வோரும் இதனைச் சற்றுக் கற்றுக்கொள்ளலாம்.) குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆசிரியர் தம் உழைப்பில் பெரும்பங்கைக் காணொளிக்குச் செலவிடுகிறார். விளக்கு, ஒலிவாங்கி, பின்திரை ஆகியவற்றிற்கு நாட்கள் கழிகின்றன. நான்காம் பகுதியாகிய மதிப்பீடோ கடைசி நாளில் அவசரமாக எழுதப்படும் பத்து வினாக்களாகிவிடுகிறது. எது இலகுவாய்க் கேட்கக்கூடியதோ அதுவே கேட்கப்படுகிறது. எது கற்கத்தக்கதோ அது கேட்கப்படுவதில்லை.

ஜான் பிக்ஸ் என்னும் கல்வியியலாளர் 1996இல் வற்புறுத்திய கருத்து இவ்விடத்தில் உதவும். பாடத்தின் நோக்கம், மாணவன் செய்யும் பயிற்சி, இறுதியில் அளக்கப்படும் திறன் ஆகிய மூன்றும் ஒரே வினைச்சொல்லைத் தாங்கி நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். ‘விளக்குவான்’ என்று நோக்கத்தில் எழுதிவிட்டு, ‘சரியானதைத் தேர்ந்தெடு’ என்று தேர்வில் கேட்பது பொருந்தாது. எனவே மதிப்பீட்டை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிப் பாடத்தை அமைக்கவேண்டும். கேட்க எளிது, செய்ய மிகக் கடினம்.

அக்கடினத்தை நானே அறிவேன். புலம்பல் சங்கீதங்களைக் குறித்து ஓர் இணையவழிப் பாடம் அமைத்தபோது, மாணவர் ‘துயருறும் சபையை ஜெபத்தில் நடத்துவர்’ என்று நோக்கம் எழுதினேன். ஆனால் நான் கேட்ட வினாக்களோ, எந்தச் சங்கீதம் எவ்வகை, அதன் உறுப்புகள் எத்தனை என்பனவே. எல்லாரும் நன்றாகத் தேறினர். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 அன்று பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் முன்பாக அவர்களுள் எவர் வாய்திறக்க வல்லவர் என்பதை என் மதிப்பெண் பட்டியல் எனக்குச் சொல்லவில்லை. மறுமுறை வினாவை மாற்றினேன்: உன் சபையார் ஒருவரின் துயரை அவர் அனுமதியோடு கேட்டு, 88ஆம் சங்கீதத்தைத் துணையாகக் கொண்டு ஒரு ஜெபம் எழுது, அதில் ஆறுதலை அவசரமாக எங்கே சொல்லத் துணிந்தாய் என்பதையும் குறிப்பிடு. விடைகள் ஒழுங்கற்று வந்தன. ஆனால் யார் கற்றார் என்பது தெரிந்தது.

இதனால் தெரிவுவினா முற்றிலும் பயனற்றது என்று கூறவில்லை. மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளையே தவறான விடைகளாக வைத்து, தவறியவனுக்கு அப்பிழையின் காரணத்தை உடனே சொல்லித் திருப்பியனுப்பும் வினா, நல்ல ஆசிரியரின் தோழன். தரம்பிரிக்கும் கோலாக அதனையே நம்பும்போதுதான் தீங்கு விளைகிறது.

நம் திருச்சபைக்கு இது புதிய வழக்கன்று. 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி, 1971 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவிலும் வளர்ந்தது. அதன் பாடநூல்கள் பலவும், அக்காலத்தில் செல்வாக்குற்றிருந்த ஸ்கின்னரின் முறையைத் தழுவி, சிறு படிகளாகவும் கோடிட்ட இடங்களாகவும் அமைந்தன. எனினும் அதனை வகுத்தோர் ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றனர். டெட் வார்ட் அதனை வேலிக்கு ஒப்பிட்டார்: ஒரு கிடைக்கம்பு பாட அறிவு, மற்றொன்று பணிக்களத்து அனுபவம், அவ்விரண்டையும் தாங்கும் நடுகழிகள் ஆசிரியரும் மாணவரும் கூடும் கூட்டங்கள். இணையவழிப் பாடங்களில் நாம் முதற்கம்பை மெருகேற்றுகிறோம், நடுகழிகளைப் பிடுங்கிவிட்டோம்.

பவுலின் நிருபங்களைத் தொலைநிலைக் கல்விக்கு முன்மாதிரியாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் பெபேயாளை மறக்கிறார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தைச் சுமந்து சென்றவள் அவளே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. எழுத்தோடு அதனை விளக்க ஓர் ஆளும் சென்றிருப்பாள் என்று எண்ண இடமுண்டு. கடலூரில் பிறந்த ஆரோன், பல ஆண்டுகள் உபதேசியாராகப் பணி செய்த பின்னரே 1733இல் தரங்கம்பாடியில் குருத்துவ அபிஷேகம் பெற்றார் என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

நாம் கருதவேண்டிய மற்றொன்று, வகுப்பின் தரை. 2020 நவம்பரில் நிவர் புயலும், டிசம்பர் முதல்வாரத்தில் புரெவியின் மழையும் இம்மாவட்டத்தை அலைக்கழித்தன; சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயும் நீர் தேங்கியது. அத்தகைய வாரத்தில் இரவு 12 மணிக்குள் விடையை ஏற்றவேண்டும் என்று கெடு வைக்கும் பாடத்திட்டம், மாணவனின் அறிவை அளக்கவில்லை; அவன் வீட்டு மின்சாரத்தை அளக்கிறது. பாடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளவும், விடையைக் கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்பவும், கெடுவை நீட்டவும் இடமளித்தல் சலுகையன்று. அளவையின் நேர்மைக்கே அது தேவை.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளும் ஆசிரியரும் ஒரு கேள்வியை எழுப்புகிறார், அது நியாயமானது. ஜெபமும் களக்குறிப்பும் எழுதிய 40 மாணவருக்கு, ஒருவருக்கு 20 நிமிடம் என வைத்தாலும், ஒரு பாடத்தைத் திருத்த 13 மணி நேரத்திற்கு மேல் ஆகும். தெரிவுவினாவை இயந்திரம் நொடியில் திருத்திவிடும். பயிற்சி வகுப்புகள் இக்கணக்கைப் போடுவதில்லை. இணையவழிக் கல்வியைச் செலவு குறைந்தது என்று வரவேற்கும் நம் நிர்வாகக் குழுக்களும் போடுவதில்லை. அந்த 13 மணியை ஆசிரியரின் வேலைநேரப் பட்டியலில் எழுதச் சம்மதிக்கும் குழு எதுவோ, அதனிடமே நான்காம் பகுதியைப் பற்றிப் பேசலாம்.