புரியாத வகுப்பு

தமிழ் சினிமாவில் கல்லூரி என்றால் கேண்டீன், மரத்தடி, ஆண்டு விழா மேடை, மோட்டார் சைக்கிள். வகுப்பறையும் உண்டு, ஆனால் அதில் பாடம் நடப்பதில்லை. வாத்தியார் வருவார், ஏதாவது அசட்டுத்தனம் செய்வார், பையன்கள் சிரிப்பார்கள், மணி அடித்துவிடும். நாவல் எழுதுகிற நாங்களும் இந்த விஷயத்தில் மார்தட்டிக்கொள்ள முடியாது. கதாநாயகன் எம்.ஏ. படித்தவன் என்று முதல் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அவன் என்ன படித்தான், எந்தச் சிரமத்தோடு படித்தான் என்பதைப் பற்றி முந்நூறு பக்கத்துக்கு மூச்சு விடமாட்டோம்.

மாரி செல்வராஜ் இயக்கி 2018-ல் வெளியான 'பரியேறும் பெருமாள்' படத்தைச் சாதிக் கொடுமையைச் சொன்ன படம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது உண்மைதான். ஆனால் படத்தின் முற்பகுதியில் இன்னொரு கதை இருக்கிறது. அதை யாரும் போதுமான அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. புளியங்குளத்துப் பையன் ஒருவன் வக்கீலாக வேண்டும் என்று திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் வந்து சேருகிறான். வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது. அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதானா? புரியாமல் உட்கார்ந்திருப்பது என்பது சாதாரண அனுபவமல்ல. அது ஒரு உத்தியோகம். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டும்போது தலையாட்ட வேண்டும். சிரிக்கும்போது அரை விநாடி பின்னால் சிரிக்க வேண்டும். நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் பேனா ஓட வேண்டும். ஊரில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் இங்கே முட்டாள் வேஷம் கட்டுகிறான். இந்த அவஸ்தையைப் பரியன் முகத்தில் பார்க்கிறோம். நடித்த கதிரை இதற்காகத் தனியே பாராட்ட வேண்டும். ஆசிரியரின் ஏளனத்துக்கு ஆளாகி அவன் கூசி நிற்கும்போது, தமிழில் படித்துவிட்டுக் கல்லூரி வாசலை மிதித்த எத்தனையோ பேர் கொட்டகை இருட்டில் தங்களையே பார்த்திருப்பார்கள்.

அவனுக்கு உதவுவது யார்? கூடப் படிக்கிற ஜோ என்ற பெண். அவள் நல்ல மனசுக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். இங்கேதான் எனக்குக் குறை. மாதக்கணக்கில் நடக்க வேண்டிய உழைப்பு சில காட்சிகளில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது. டைரக்டருக்கு நட்பு முக்கியம், பாடம் முக்கியமில்லை. நானாக இருந்தால் அந்தப் பாடத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருப்பேன்.

ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'கன்சிடரேஷன்' என்று ஒரு சொல் வருகிறது. அகராதியைப் புரட்டினால் யோசனை, கவனிப்பு, தாட்சண்யம் என்று போட்டிருக்கும். தாட்சண்யம் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று பையன் எழுதிவைத்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது! சட்டத் தமிழில் அதற்கு 'மறுபயன்' என்கிறார்கள்; அதுவும் அவனுக்குப் புதுசுதான். ஆனால் அவன் வீட்டுத் தகரப் பெட்டியில் நிலத்தின் கிரயப் பத்திரம் ஒன்று கிடக்குமானால், அதில் 'கிரயத் தொகை' என்று எழுதியிருக்கும். கன்சிடரேஷன் அதுதான். கிராமத்துப் பையனுக்கு ஒத்தி தெரியும், அடமானம் தெரியும், பட்டா, சிட்டா, அடங்கல், ஜாமீன், வாய்தா, ஜப்தி எல்லாம் தெரியும். சட்டத்தில் பாதியை அவன் ஆற்றங்கரையிலும் டீக்கடையிலும் கேட்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது, தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற ஒருவர். முதல் மூன்று மாதத்துக்கு, தினம் ஒரு மணி நேரம். இது பெரிய செலவல்ல.

'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று இதற்குக் கல்லூரிகளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பாலம் என்றதும் திருநெல்வேலிக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஊருக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் பாலம் கட்டி முடிக்கும் வரை ஓடத்தில்தான் போகவேண்டும். அவர் பேர் இன்றைக்கும் நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் சர்க்கார் கட்டவேண்டிய பாலத்தைத்தான் அவர் கட்டினார் என்பதையும் சொல்லவேண்டும். ஜோ செய்கிற காரியமும் அந்த ஜாதிதான். அவள் அந்த வகுப்பில் சேராமலிருந்தால் பரியன் கதி என்ன?

ஒரு காலத்தில் பி.யு.சி. என்று ஒரு வருஷம் இருந்தது. அதை நான் ரொம்பவும் புகழமாட்டேன்; அதில் தவறி விழுந்தவர்கள் ஏராளம். என்றாலும் கல்லூரிக்குள் பழகிக்கொள்ள ஒரு வருஷ அவகாசம் அதில் கிடைத்தது. 1978-ல் பிளஸ் டூ வந்து, அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு, புது மாணவர்களை வரவேற்றுப் பழக்கவேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. யோசனை நல்லதுதான். நடைமுறையில் பல இடங்களில் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று முடிந்துவிடுகிறது. எட்டாவது நாள் பையன் வகுப்பில் போய் உட்காருகிறான். மறுபடியும் தலையாட்டல்.

படத்தைப் பார்க்கிறவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஜோவின் அக்காள் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பரியனை அறைக்குள் பூட்டி அடித்து அவமானப்படுத்துகிறார்களே, அவன் தகப்பனாரைத் துரத்தித் துணியை உருவுகிறார்களே, அங்கே உங்கள் கிரயத் தொகையும் மூன்று மாத வகுப்பும் என்ன செய்யும் என்று. நியாயமான கேள்வி. அதன் பிறகு ஆங்கிலப் பாடம் பின்னுக்குப் போய்விடுவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உயிர் போகிற இடத்தில் இலக்கணம் பேச முடியாது. ஆனால் இரண்டும் வேறு வேறு என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் ஏளனம் செய்த குரலும் கல்யாண வீட்டில் கேட்ட குரலும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்திலில்லை. நீ இங்கே ஏன் வந்தாய் என்றுதான் இரண்டும் கேட்கின்றன. இந்த உறவைக் கோடு காட்டிவிட்டு, வலியுறுத்தாமல் விட்டதுதான் டைரக்டரின் சாமர்த்தியம்.

கல்லூரி முதல்வர் தம் அறையில் பரியனிடம் பேசுகிற காட்சி ஒன்று வருகிறது. தாமும் அவமானப்பட்டு மேலே வந்தவர் என்று சொல்லி, அவனைப் படிக்கச் சொல்கிறார். பூ ராமு வெகு நிதானமாகச் செய்திருக்கிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. பையன் கேட்டுக்கொள்கிறான். பிறகு வகுப்புக்குப் போகவேண்டும். பாடம் இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.