கேட்கப்படாத கேள்வி

லப்பைக்குடிக்காட்டில் வெள்ளாற்றங்கரையில் நின்று நோக்கினால் எதிர்க்கரை கடலூர் மாவட்டம். நாம் நிற்கும் கரை பெரம்பலூர் மாவட்டம். கோடையில் மணலில் நடந்தே கடந்துவிடத்தக்க இவ்வாறு கிழக்கே செல்லச் செல்ல, கடலூருக்கும் அரியலூருக்கும் இடையே மீண்டும் எல்லையாகிறது. அந்த எல்லைக்கு அப்பால் ஒரு கொலையை மறைத்துவிடலாம் என்று 1993ஆம் ஆண்டில் சிலர் எண்ணினர். கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கென்று கொண்டுசெல்லப்பட்ட குறவர் இனத்து ஏழைத் தொழிலாளி ஒருவர் அங்கே அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர் கூறினர். ஆனால் இன்றைய அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த மீன்சுருட்டிப் பகுதியில் பெயரறியாப் பிணமாகக் கிடந்தவர் அவரே. அவருடைய மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவருக்காக வாதாடியவர் பின்னாளில் நீதியரசராகிய கே. சந்துரு. 2006ஆம் ஆண்டில், பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், காவலர்கள் குற்றவாளிகளே என்று தீர்ப்பு வந்தது.

இந்நிகழ்ச்சியை அடியொற்றி 2021இல் வெளிவந்த ‘ஜெய்பீம்’ திரைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், கண்ணீரும் சிந்தியிருக்கிறோம். த. செ. ஞானவேல் இயக்கிய அப்படத்தின் சிறப்புகளை நாம் மறுக்கவில்லை. எளியோரின் உடலில் விழுந்த அடியை அது நம் உடலிலும் உணரச் செய்தது. ஆயினும் கலைப்படைப்பொன்றைத் திறனாயும்போது அது காட்டியதை மட்டுமன்றிக் காட்டாது விட்டதையும் கேட்பது நம் கடன்.

படத்தில் வரும் வழக்கு ஆட்கொணர்வு மனுவோடு தொடங்கி, உயர்நீதிமன்றத்தின் ஆணையோடு முடிந்துவிடுகிறது. நல்ல வழக்குரைஞர் ஒருவர் கிடைத்துவிட்டால் ஏழைக்கு நீதி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு நாம் எழுந்து வருகிறோம். உண்மையில் கொலை வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கை நடத்துபவர் அரசு வழக்குரைஞர் ஒருவரே. கொலையுண்டவரின் மனைவி தமக்கென ஒரு வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அவர் அரசு வழக்குரைஞரின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டே செயற்பட வேண்டும். சாட்சி விசாரணை முடிந்தபின், நீதிமன்றம் இசைந்தால், தம் வாதத்தை எழுத்தில் தரலாம். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்த இந்த முறையே, 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே, நாம் கைதட்டி மகிழ்ந்த கதைநாயகனுக்கு அந்த மன்றத்தில் தாமாக எழுந்து ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமைகூட இல்லை. அந்த உரிமை இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர் கறைபட்டவராயின் என்ன நேரும்? இந்தக் கேள்வியை நம் கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. காவலர் அடித்தால் தழும்பு இருக்கும். பொய்ச்சாட்சி பேசினால் பதிவு இருக்கும். அரசு வழக்குரைஞர் நெறி பிறழ்ந்தாலோ, அங்கே இருப்பது மௌனம் மட்டுமே. பிணை மனுவை அவர் எதிர்ப்பதில்லை. முக்கியச் சாட்சிக்கு அழைப்பாணை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. சாட்சி பிறழ்ந்தால், முன்னர்க் கூறியதை எடுத்துக்காட்டி மடக்கிக் கேட்பதில்லை. விடுதலைத் தீர்ப்பு வந்தபின், மேல்முறையீட்டுக்குத் தகுதியில்லை என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் வேலைப்பளு, மறதி என்றே தோன்றும். கேட்கப்படாத கேள்வியைக் காட்சியாக்கத் திரைப்படத்துக்கும் எளிதில் வழியில்லை.

இதனினும் கொடிய விளைவு ஒன்று உண்டு. காவல்துறையின் புலனாய்வு பொய்த்துப்போனால் மறுபுலனாய்வுக்கு ஆணையிடலாம். விசாரணை முடிந்து எதிரிகள் விடுதலையாகி, அத்தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நிலைத்துவிட்டால், அதே குற்றத்துக்காக அவர்களை மீண்டும் விசாரிக்க இயலாது. குற்றமற்றவரைக் காக்க ஏற்பட்ட நல்ல விதி இது. நெறி பிறழ்ந்த அரசு வழக்குரைஞரின் கையில் இதுவே கொலையாளிக்குக் கவசமாகிவிடுகிறது. கொலையுண்டவர் உண்டு, கொன்றவர் இல்லை என்ற நிலை சட்டப்படியே உறுதியாகிறது.

குசராத்தின் வடோதராவில் 2002 மார்ச் 1 அன்று பெஸ்ட் பேக்கரி என்னும் ரொட்டிக்கடையில் பதினான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கு இதற்குச் சான்று. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். 2003 சூன் மாதத்தில் இருபத்தொரு எதிரிகளும் விடுதலையாயினர். உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றபோது, 2004 ஏப்ரல் 12 அன்று வந்த தீர்ப்பு அரசு வழக்குரைஞரின் நடத்தையை வெளிப்படையாகக் கடிந்தது. அவர் உண்மையை மன்றத்தின்முன் வைக்க வேண்டியவராக அன்றி, எதிரிகளின் வழக்குரைஞரைப் போலவே நடந்துகொண்டார் என்றது. காயமுற்ற கண்கண்ட சாட்சி ஒருவரை மனநிலை சரியில்லை என்று காரணம் கூறிக் கைவிட்டதையும் எடுத்துக்காட்டியது. அவர் கைக்கூலி பெற்றார் என்று அத்தீர்ப்பு கூறவில்லை; கூற வேண்டிய தேவையும் இல்லை. பணத்துக்காக வாய் மூடினாலும் ஆள்வோரின் முகக்குறிப்புக்காக வாய் மூடினாலும் இறந்தவருக்கு விளைவது ஒன்றே. நடந்தது விசாரணையே அன்று எனக் கண்டு, மராட்டியத்தில் மறுவிசாரணை நடத்த ஆணையிட்டது உச்சநீதிமன்றம். 2006இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர்; 2012இல் மும்பை உயர்நீதிமன்றம் அவர்களுள் நால்வரின் தண்டனையை மட்டும் உறுதிசெய்தது. இதற்கிடையில் மாறிமாறிச் சாட்சியம் கூறிய இளம்பெண் ஒருவர் உச்சநீதிமன்றத்தால் ஓராண்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கொல்லப்பட்டோரின் உறவினரான அச்சாட்சி சிறை சென்றார். அவரைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டியவர்களுள் எத்தனை பேர் அப்படிச் சென்றனர் என்று நாம் கேட்பதில் தவறில்லை.

திருவிவிலியம் இம்மௌனத்தை நன்கறியும். அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் கொலையைப் படிக்கிறோம். ஆகாபையும் ஈசபேலையும் நாம் மறப்பதில்லை. பொய்ச்சான்று கூறிய கயவர் இருவரையும் மறப்பதில்லை. ஆனால் ஈசபேலின் மடலைப் பெற்ற நகரப் பெரியோர்களை நாம் ஊன்றிப் பார்ப்பதே இல்லை. நோன்பு அறிவித்ததும், நாபோத்தை மக்கள்முன் அமர்த்தியதும், சான்று கூறுவோரை எதிரே நிறுத்தியதும் அவர்களே. வழக்கு முறைப்படி நடந்தது. குறைந்தது ஒரே ஒரு கேள்விதான். இந்த இருவரும் நாபோத்து பழித்துரைத்ததை எங்கே கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று அம்மன்றத்தில் எவரும் வினவவில்லை. நாபோத்து கல்லெறியுண்டு மாண்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஓர் இளைஞனையும் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது. தானியேல் நூலின் கிரேக்க இணைப்பில், சூசன்னாவுக்குச் சாவுத் தீர்ப்பு அளிக்கப்பட்டுவிட்ட வேளையில் தானியேல் குறுக்கிடுகிறார். முதியோர் இருவரையும் பிரித்து வைத்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்கிறார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்ல, உண்மை வெளிப்படுகிறது. இங்கே காப்பாற்றப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு வழக்குரைஞர் எப்படியாவது தண்டனை வாங்கித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். தண்டனை வேட்கை அவருக்குக் கூடாது என்று 1999இல் நீதியரசர் கே. டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு நினைவுறுத்துகிறது. உண்மை எப்பக்கம் இருப்பினும் அதனை வெளிக்கொணரும் கேள்வியைக் கேட்பதே அவர் பணி.

சட்டம் சிறிது விழித்திருக்கிறது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2018இல் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்சநீதிமன்றம் ஏற்றது. அரசு வழக்குரைஞர் ஒரு வழக்கைத் திரும்பப் பெற விழைந்தால், பாதிக்கப்பட்டவருக்குத் தம் கருத்தைக் கூற வாய்ப்பளித்த பின்னரே நீதிமன்றம் இசையலாம் என்கிறது புதிய சட்டம். இவை நல்ல கதவுகளே. ஆனால் நாள் கூலியை இழந்து பெரம்பலூருக்கோ செயங்கொண்டத்துக்கோ பேருந்து ஏறிச் செல்லும் ஒரு கைம்பெண்ணுக்கு இக்கதவுகள் இருப்பதை யார் சொல்வது?

தமிழின் முதல் புதினத்தை 1879இல் நமக்குத் தந்த வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862இல் வெளியிட்டார். மன்றத்தில் என்ன நடக்கிறது என்பது எளிய மக்களுக்கும் விளங்க வேண்டும் என்று கருதிய ஒருவரிடமிருந்து வந்தது நம் இலக்கிய மரபு. அம்மரபில் வந்த நாம், நீதிமன்றத்தை நாயகர் முழங்கும் மேடையாக மட்டும் எழுதியும் பார்த்தும் மனநிறைவு கொள்ளலாமா?

நீதிமன்றத்தின் கதவு பொதுவாக எவருக்கும் திறந்தே இருக்கிறது. நம் பங்கிலோ நம் தெருவிலோ ஒருவர் கொலையுண்ட வழக்கு நடைபெறும் நாளில், அவர் எச்சமயத்தினராயினும், பொதுநிலையினராகிய நம்மில் இருவர் அங்கே சென்று பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம். பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில்தான் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போகிறது. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கதறியதை ஆண்டவர் கேட்டார். அதே மண்ணின்மீது நடக்கும் நாமும் செவிகொடுக்க வேண்டும் அன்றோ?