காந்தத்தின் நடுக்கமும் நம் கலைச்சொல்லும்

அதிர்வு, விதிர்ப்பு ஆகிய இரண்டும் நடுக்கம் என்னும் பொருளைத் தருவன என்று தொல்காப்பியர் உரியியலில் ஓதினார். இத்துணைப் பழைய சொல்வளம் உடைய மொழியில், துகள் முடுக்கிகளைப் பற்றி எழுதுவோர் 'நிலைப்படுத்தல்' என்ற ஒரு சொல்லோடு அமைந்துவிடுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

'காந்தத்தை நிலைப்படுத்தினர்' என்று படிக்கும் மாணவன் யாது கொள்வான்? கனத்த பீடத்தில் ஏற்றித் திருகாணியிட்டு இறுக்கினர் என்றே கொள்வான். நன்னூலார் ஆசிரியனுக்கு உவமை கூறிய மலை அவன் மனத்தில் எழும். உண்மையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு.

நிலம் ஓயாமல் நடுங்குவது. ஆயர் ஈத்தாம் நெடுஞ்சாலையில் பார லாரி ஓடினால் சன்னல் கண்ணாடி அதிர்வது காதில் விழும். கடலலைகள் நெடுந்தொலைவுக்கு நிலத்தில் எழுப்பும் மெல்லிய நடுக்கமோ யார் காதிலும் விழாது. காந்தத்தைப் பாறையோடு பிணைத்தால் பாறையின் நடுக்கமே காந்தத்தின் நடுக்கமாகும். ரப்பர்மேலோ விற்சுருள்மேலோ வைத்தால் நிலத்திலிருந்து ஏறும் விரைந்த அதிர்வு குறையும். ஆயின் குளிர்விக்க ஓடும் நீரும் சுரங்கக் காற்றுமே அதனை ஆட்டிவிடும்.

ஜெனீவாவின் செர்ன் நிறுவனத்தார் 'கிளிக்' என்னும் நேர்கோட்டு முடுக்கிக்காக வகுத்த வழி வேறு. அம்முடுக்கி இன்னும் கட்டப்படவில்லை. அதில் எலெக்ட்ரான் கற்றையும் பாசிட்ரான் கற்றையும் ஒரே முறைதான் எதிர்ப்படும். மோதுமிடத்தில் கற்றையின் உயரம் ஏறத்தாழ 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டதில் ஒரு கூறு. ஆதலின் கற்றையைக் குவிக்கும் முதன்மை நான்முனைக் காந்தங்கள், 1 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வில், 1.5 நானோமீட்டர் அளவுக்கு மிகாமல் அடங்கவேண்டும் என வரையறுத்தனர். அதிர்வுமானி நடுக்கத்தை அளக்கிறது. அதற்கேற்ப மின்னழுத்தம் பெற்று, விறைப்பான பியசோ படிகக் கால்கள் நீண்டும் சுருங்கியும் காந்தத்தை எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. இது இடையறாது நிகழ்வது.

ஈண்டு உவமை வேண்டின் மலை உதவாது, கழைக்கூத்தாடியே உதவுவான். கைக்கோலை அசைத்தவண்ணம் இருப்பதால்தானே அவன் கயிற்றின்மேல் நிற்கிறான்!

'செயலுறு நிலைப்படுத்தல்' என்பது ஆங்கிலத் தொடரின் நிழலேயன்றி வேறில்லை. செயல் யாது என்பதை அது உரைக்கவில்லை. 'எதிரசைவு நிலைநிறுத்தல்' எனின் பொறியின் வேலை சொல்லிலேயே விளங்கும். ரப்பர், விற்சுருள் முறையை 'மெத்தைத் தாங்கல்' எனலாம். சொல் நீள்கிறது என்பார்க்கு, முந்தைய தொடரும் குறுகியதன்று என்க.

இன்னொன்று. 1989 முதல் 2000 வரை செர்னில் இயங்கிய 'லெப்' முடுக்கியின் 27 கிலோமீட்டர் வளையம், நிலவின் ஈர்ப்பால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கியது. மணிக்கணக்கில் நிகழும் இதனையும் 'அதிர்வு' என்றெழுதுதல் பிழை. 'திரிபு' என்பதே தகும்.